மலை இருக்கு, ஏரி இருக்கு. ஒதுங்க இடம் எங்கே?

பல்லாவரம் சாதாரண ஊர் அல்ல!

மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன். பஸ்சில் போகிறவர்களுக்கு அது ஒரு மேம்பாலம். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு, ஜன்னல் வழியே தெரியும் ஒரு குன்று. அவ்வளவுதான் பலருக்கும் தெரியும்.

தினமும் அந்த வழியாகப் போய் வருகிறோம். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இறங்கிப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அரை மணி நேரம் பார்த்தபிறகு அவஸ்தைப்படுவீர்கள். ஆச்சரியம் ஊர் கொடுத்தது. அவஸ்தை நிர்வாகங்கள் கொடுத்தது.

இந்த இரண்டைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும்.

முதல் கல் கிடைத்த ஊர்

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந்தேதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டு எடுத்தார். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர்.

அது வெறும் கல் அல்ல. ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி!

இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சி அந்த ஒரு கல்லில் இருந்துதான் சூடு பிடித்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கம் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கதையின் முதல் வரி பல்லாவரம்!

அதோடு முடியவில்லை. அலெக்சாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி 1880-களில் பல்லாவரம் குன்றுப் பகுதியில் சுட்ட மண்ணால் செய்த ஈமப்பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். செத்தவர்களை வைத்துப் புதைக்கும் பெட்டி. அடியில் வரிசையாகக் கால்கள் வைத்துச் செய்தது.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் வைத்த கல் இந்தப் பக்கத்து மலைக்கல் என்பார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, இந்தக் கல் வகைக்கே "சார்னோகைட்" என்று பெயர் வைத்தார். இன்று உலகத்தில் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாகவே அறிவித்து இருக்கிறார்கள்.

வீட்டு வாசல்படிக்குப் போடும் கருங்கல் என்று நாம் நினைத்துக்கொண்டு இருக்கிறோம்!

எல்லாரும் வாழும் ஊர்

கல்லை விடுங்கள். மனிதர்களைப் பாருங்கள்.

ஊர்ப் பெயரிலேயே பல்லவர் இருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் 1,400 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு குகைக்கோவில் குடைந்தான். அவனுடைய பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தான். பிற்காலத்தில் அந்தக் குகை முஸ்லிம்கள் வழிபடும் தர்கா ஆனது.

ஒரே பாறை. பல்லவன் எழுத்தும் அங்கே. பாத்தியா ஓதுவதும் அங்கே!

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள் 1911-ல் கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்து குடியேறியது இந்தப் பல்லாவரத்தில்தான். 1950-ல் காலமாகும்வரை அவருடைய ஊர் இதுதான். வடமொழி கலவாத தமிழுக்கு இங்கே இருந்துதான் பேனா பிடித்தார்.

அதே ஊர்த் தெருவில் இன்று தமிழ், உருது, தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் காதில் விழும். கன்டோன்மென்டில் பட்டாளத்துக் குடும்பங்கள் உண்டு. பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உண்டு. பம்மல் வரை தோல் பதனிடும் தொழிலாளர்கள். அனகாபுத்தூரில் நெசவாளர்கள். கட்டட வேலைக்கு வடக்கில் இருந்து வந்த பையன்கள்.

பக்கத்தில் பரங்கிமலை. 1523-ல் போர்ச்சுகீசியர் மலை உச்சியில் மாதா கோவில் கட்டினார்கள். 1726-ல் பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி தன் காசைப் போட்டு மலைக்குப் படிக்கட்டு கட்டிக்கொடுத்தார். 1802-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவை அளந்து படம் போடும் பெரிய வேலையைப் பரங்கிமலைப் பக்கம் இருந்துதான் தொடங்கினார். 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் இந்த மலைக்கு வந்துபோனார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் கோவில். கொஞ்சம் தள்ளித் திருநீர்மலையில் 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று.

கோவில், தர்கா, சர்ச், கற்காலம், பல்லவர் காலம், பட்டாளம், விமானம். இத்தனையும் சில மைல் சுற்றளவுக்குள்! வேறு ஊராக இருந்தால் டிக்கெட் போட்டு, பஸ் விட்டு, கோடிக்கணக்கில் சம்பாதித்து இருப்பார்கள்.

நாம் என்ன செய்து இருக்கிறோம்?

வெள்ளிக்கிழமை வந்தால்...

எல்லாவற்றையும்விடப் பல்லாவரத்துக்குக் கூட்டம் கூட்டுவது வெள்ளிக்கிழமைச் சந்தை.

பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிற சந்தை. ஒரு காலத்தில் ஆடு, மாடு விற்ற சந்தை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு அங்கே கிடைக்காத சாமான் இல்லை. காய்கறி, கருவாடு, செடி, கோழிக்குஞ்சு, லவ் பேர்ட்ஸ், பழைய கடிகாரம், பழைய ரேடியோ, உடைந்த மிக்சி, கழற்றிய கதவு, ஸ்குரூ, நட்டு, போல்ட். பத்து ரூபாயோடு போனாலும் ஏதாவது வாங்கிக்கொண்டு வரலாம். பத்தாயிரத்தோடு போனாலும் செலவழித்துவிட்டு வரலாம்.

பெரிய மாலில் நுழையக் கூச்சப்படுகிற ஏழை, இங்கே ராஜாவாகப் பேரம் பேசுகிறான். அதுதான் சந்தையின் அழகு.

விடியற்காலையில் மூட்டையை இறக்கி, இருட்டும்வரை வெயிலில் உட்கார்ந்து இருக்கிறார்கள் வியாபாரிகள். அதில் பெண்கள் ஏராளம். கைக்குழந்தையோடு உட்கார்ந்து இருக்கிறவர்களும் உண்டு.

அந்தப் பெண்கள் ஒதுங்க எங்கே போவார்கள்?

ஆம்பளைக்குச் சுவர் கிடைத்தால் போதும். அதுவும் தப்புதான். பெண்ணுக்கு?

சந்தையில் உட்கார்ந்து விற்கிற எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற வழக்கம் சகஜம். காலையில் ஒரு வாய் காபி. அதோடு சரி. சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்வது.

இதன் பலன் என்ன? சிறுநீரில் கிருமி, எரிச்சல், கல். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நூறு ரூபாய் லாபத்துக்கு உட்கார்ந்த பெண், ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்குகிறாள்.

இது வசதி சமாசாரம் அல்ல. உயிர் சமாசாரம்!

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நாட்டில் உள்ள கோர்ட்டுகளில் எல்லாம் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகளுக்குத் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று உத்தரவு போட்டது. கழிப்பிடம் என்பது அரசியல் சட்டம் 21-வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது.

கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு உள்ள உரிமை, கொத்தமல்லி விற்கிறவளுக்குக் கிடையாதா?

தெரு வியாபாரிகளுக்கு என்று 2014-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. நகர விற்பனைக் குழு அமைக்கவேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கவேண்டும் என்பது சட்டம். சந்தை நாளில் சுங்கம் வசூலிக்க ஆள் தவறாமல் வருகிறது. தண்ணீர்த் தொட்டியும் கழிப்பிட வண்டியும் அதேபோலத் தவறாமல் வரவேண்டாமா?

ஏரிக்கு நடந்த கொடுமை

பல்லாவரத்துக்குப் பெரிய ஏரி என்று ஒன்று உண்டு. பேருக்கு ஏற்ற மாதிரி பெரிய ஏரியாகத்தான் இருந்தது.

துரைப்பாக்கம் போகிற 200 அடி ரோடு ஏரியைக் குறுக்கே பிளந்தது. ரோடு தேவைதான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சம் இருந்த தண்ணீரில் ஊர்க் குப்பையை வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். ஏரி மேடானது. புகை கிளம்பியது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பொதுமக்கள் கூச்சல் போட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனபிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். ஏரிக் கரையைச் சீர்செய்யும் வேலையும் நடந்தது.

ஏரி என்றால் வாக்கிங் போகிற இடம் மட்டும் அல்ல. 2015 டிசம்பரில் என்ன நடந்தது? அடையாறு புரண்டது. புறநகர் மிதந்தது. மீனம்பாக்கம் ஓடுபாதையிலேயே வெள்ளம். விமான நிலையத்தையே நாள்கணக்கில் மூடிவைத்தார்கள். மழைத்தண்ணீர் தங்க இடம் கொடுக்காவிட்டால், அது நம் கூடத்தில் வந்து தங்கும்!

குடிதண்ணீர் கதை இன்னும் மோசம். 2024 டிசம்பரில் பல்லாவரம், கன்டோன்மென்ட் பகுதிகளில் பலர் வாந்தி பேதி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். தண்ணீர் காரணம் இல்லை என்றது அரசு தரப்பு.

யார் சொன்னது சரி என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். குழாயைத் திறக்கும்போது ஒரு தாய்க்குப் பயம் வருகிறதே, அந்தப் பயத்துக்கு யார் பதில் சொல்வது?

யாருடைய எல்லை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாசகர்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

பல்லாவரம் ஒரே ஊர். ஆனால் நிர்வாகம் ஒன்று அல்ல.

பழைய பல்லாவரம் நகராட்சிக்கு 2011 கணக்குப்படி ஜனத்தொகை 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். குரோம்பேட்டையும் அதில் சேர்த்தி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், திருநீர்மலை உள்பட 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு.

சரி, ஒரே கையில் வந்துவிட்டது என்று நினைத்தால், அதுதான் இல்லை!

கன்டோன்மென்ட் பகுதி தனி. அது மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். மீனம்பாக்கம் பக்கம் போனால் சென்னை மாநகராட்சி. ஸ்டேஷன் ரயில்வேயுடையது. ஜி.எஸ்.டி. ரோடு நெடுஞ்சாலைக்காரர்களுடையது.

ஒரு மனிதன் ரயிலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, சந்தைக்குப் போய், மலையைப் பார்த்துவிட்டு, விமான நிலையம் பக்கம் வீடு திரும்புவதற்குள் நாலைந்து ராஜ்யங்களைக் கடக்கிறான். பாஸ்போர்ட் கேட்காததுதான் மிச்சம்!

சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது என்று ஒரு ஆபீசுக்குப் போனால், "அது எங்கள் எல்லை இல்லை" என்பார்கள். அடுத்த ஆபீசுக்குப் போனால், "மனு கொடுங்கள், பார்க்கலாம்" என்பார்கள். புறநகரில் மனு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பாட்டு மனப்பாடம்.

சாக்கடைக்கு எல்லை தெரியாது. கொசுவுக்கு எல்லை தெரியாது. அவசரத்துக்கு ஒதுங்க ஓடுகிறவனுக்கும் எல்லை தெரியாது. அதிகாரிகளுக்கு மட்டும்தான் தெரிகிறது!

வளைவு வேண்டாம், வசதி வேண்டும்

ஊரை அழகுபடுத்தப் போகிறோம் என்றால் உடனே என்ன செய்கிறார்கள்? ஒரு வளைவு கட்டுகிறார்கள். கலர் விளக்கு போடுகிறார்கள். ஊர்ப் பெயரை இங்கிலீஷில் பெரிசாக வைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வேறு.

நாம் கேட்பது அது அல்ல. முதலில் வசதி. பிறகு வளைவு!

என்ன வசதி? சொல்கிறோம்.

ஒன்று. வெள்ளிக்கிழமை தோறும் சந்தையில் நடமாடும் கழிப்பிட வண்டிகள் நிற்கவேண்டும். பெண்களுக்குத் தனியாக. உள்ளே தண்ணீரும் விளக்கும் வேண்டும். தாழ்ப்பாள் வேண்டும். நிரந்தரக் கழிப்பிடம் எங்கே இருந்தாலும், அதில் பூட்டுத் தொங்கினால் அது கழிப்பிடம் அல்ல, வெறும் கட்டடம். திறக்கும் நேரம், மூடும் நேரம், பொறுப்பாளரின் போன் நம்பர் கதவில் எழுதி இருக்கவேண்டும்.

இரண்டு. ஸ்டேஷன், சந்தை, மலையடிவாரம், ஏரிக்கரை என நாலு இடத்திலும் நல்ல குடிதண்ணீர்க் குழாய். தண்ணீரைச் சோதித்த தேதியை அங்கேயே போர்டில் எழுதவேண்டும். தேதியைப் பார்த்தால் பயம் பாதி போய்விடும்.

மூன்று. நடைபாதை. ஸ்டேஷனில் இறங்கி எங்கே போகிற மனிதனும் பஸ் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் வித்தை காட்டக்கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் போகிற மாதிரி சரிவு வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

நாலு. போர்டு. ஃபூட் கல் எடுத்த கதையை, பல்லவன் குகையை, மறைமலை அடிகள் வாழ்ந்த ஊர் இது என்பதைச் சொல்லும் போர்டு. தமிழில், இங்கிலீஷில், கூடவே படமாக. எழுதப் படிக்கத் தெரியாதவரும், வேற்று மொழிக்காரரும் கழிப்பிடம் எந்தப்பக்கம், ஆஸ்பத்திரி எந்தப்பக்கம் என்று படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும். குகை, கோவில், சர்ச் எதுவாக இருந்தாலும் அங்கே வழிபடுகிறவர்களைக் கலந்து பேசியே வைக்கவேண்டும். வீண் சச்சரவுக்கு இடம் கொடுக்கக்கூடாது.

ஐந்து. இதுதான் முக்கியம். மாநகராட்சி, கன்டோன்மென்ட், ரயில்வே, நெடுஞ்சாலை எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூட்டுக்குழு. மாதம் ஒரு முறை உட்காரட்டும். அதற்கு ஒரே ஒரு அதிகாரி பொறுப்பு. ஒரே ஒரு போன் நம்பர். "எங்கள் எல்லை இல்லை" என்ற வார்த்தையை அந்த நம்பரில் சொல்லக்கூடாது!

பணம் இல்லையா?

பணம் இல்லை என்பார்கள். வழக்கமான பதில்.

நாம் கேட்டதில் எது கோடிக்கணக்கில் ஆகும்? மேம்பாலம் கேட்டோமா? மெட்ரோ ரயில் கேட்டோமா? நாலு வண்டி, நாலு குழாய், பத்து போர்டு, ஒரு போன். ஒரு வளைவு கட்டும் செலவில் இதை எல்லாம் ஆரம்பித்துவிடலாம். நடத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். அக்கறை வேண்டும்.

ஜனங்கள் அசிங்கம் செய்கிறார்கள் என்றும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நாமே ஒப்புக்கொள்வோம். சந்தை முடிந்தபிறகு அந்த ரோட்டைப் பார்த்தால் தெரியும். அழுகிய காய், பிளாஸ்டிக் பை, கோழி இறகு. மறுநாள் காலையில் அதை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளியும் ஒரு மனுஷன்தானே? கையுறை போட்டு அள்ளினாலும் நாற்றம் நாற்றம்தான்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடை வாசலில் ஒரு கூடை வையுங்கள். அவசரம் என்று வருகிற பெண்ணுக்கு, குழந்தைக்கு, முதியவருக்கு உங்கள் கடைக் கழிப்பிடத்தைத் திறந்துவிடுங்கள். அதனால் கல்லாப்பெட்டி குறைந்துவிடாது. நாளைக்கு அவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. பூங்காவில் பெஞ்சு வேண்டும் என்று கேட்கிறீர்கள். நல்லது. சந்தைக்காரப் பெண்ணுக்குக் கழிப்பிடம் வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் வீட்டு முருங்கைக்காய் அவள் தலைச்சுமையில்தான் வருகிறது.

ஊருக்குப் பெருமை எது?

பல்லாவரத்துக்குப் பெருமை தேட வேண்டியது இல்லை. 1863-லேயே வந்துவிட்டது. மகேந்திரவர்மன் காலத்திலேயே வந்துவிட்டது. கல்லை எடுத்துக் கையில் கோடரியாகப் பிடித்த ஆதிமனிதன் காலத்திலேயே வந்துவிட்டது!

ஆனால் ஓர் ஊரைப் பார்க்க வருகிறவன் முதலில் கல்வெட்டைப் பார்ப்பது இல்லை. நடக்க இடம் இருக்கிறதா, தாகத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா, அவசரத்துக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறான். வருகிறவனுக்குச் செய்கிற வசதி அங்கேயே வாழ்கிறவனுக்கும் வசதி. தர்காவுக்கு வருகிற பாட்டிக்கும் அது வேண்டும். திரிசூலம் கோவிலுக்கு வருகிற தாத்தாவுக்கும் அது வேண்டும். மாதா கோவில் படி ஏறுகிற அம்மாவுக்கும் அது வேண்டும். இதில் சாதி இல்லை, மதம் இல்லை, மொழி இல்லை.

300 ஆண்டுகளுக்கு முன் எங்கோ பிறந்த ஒரு அர்மீனிய வியாபாரி, "மலை என் எல்லையா?" என்று கேட்கவில்லை. ஏறுகிறவர்களுக்குக் கால் வலிக்குமே என்று படிக்கட்டு கட்டினார். அந்தப் படியில்தான் இன்றும் ஏறுகிறோம்.

நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிற அதிகாரிகள், ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பை விட்டு இறங்கிச் சந்தையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பார்க்கட்டும். தண்ணீரும் நிறையக் குடிக்கட்டும்.

மறுநாளே கழிப்பிட வண்டி வந்துவிடும்!